சேலத்தில் கல்லூரி வேலை பார்த்துக்கொண்டே பொறியியலில் பிஎச்.டி. சேர எப்படி விண்ணப்பிப்பது?

கேட்டவர் கொடுத்த விவரம் இது: வயது 31, சேலத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியை, எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல், கேட் (பொறியியல் முதுகலை நுழைவுத் தேர்வு) எழுதியதில்லை, சின்னக் குழந்தை இருக்கிறது. பகுதி நேரமா முழு நேரமா, எங்கே, எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்கிறார்.

நானும் சேலம்தான், கன்னங்குறிச்சிப் பக்கம். சிவில் படித்துவிட்டு உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் சில வருடம் பாடம் எடுத்தேன். அப்புறம் வேலையை விட்டுச் சென்னையில் முழு நேரமாகப் பிஎச்.டி. முடித்தேன். இப்போது ஸ்காலர் (ஆராய்ச்சி மாணவர்) சேர்க்கை நேர்காணல்களில் கேள்வி கேட்கும் பக்கம் உட்கார வேண்டியிருக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நம்மூரில் பிஎச்.டி. பற்றிக் கேட்பவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில்தான் கேட்கிறார்கள். எந்த யூனிவர்சிட்டி, ஃபீஸ் எவ்வளவு, எத்தனை வருடத்தில் முடியும். கைடு யார் என்பது கடைசியில் வரும், சில பேருக்கு வருவதே இல்லை. இந்த வரிசையை அப்படியே தலைகீழாக மாற்றுங்கள். நான்கைந்து வருடம் உங்கள் நேரத்தையும் தூக்கத்தையும் தீர்மானிக்கப் போவது அந்த ஒரு ஆள்தான். பெரிய பெயருள்ள நிறுவனத்தில் கண்டுகொள்ளாத கைடிடம் மாட்டியவர்களையும், யாரும் அதிகம் பேசாத துறையில் நல்ல கைடிடம் சேர்ந்து நிம்மதியாக முடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கைடு எப்படிப்பட்டவர் என்று அவரிடமே கேட்டுத் தெரியாது. ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அதில் ஏற்றப்படுகின்றன. கைடு பெயரைப் போட்டுத் தேடினால் அவரிடம் முடித்தவர்கள் யார், என்ன தலைப்பு என்பது கிடைக்கும். முடித்தவர்களில் இரண்டு பேரைக் கண்டுபிடித்துப் பேசுங்கள். பாதியில் விட்டுப் போனவர் ஒருவர் கிடைத்தால் அவரிடம் கட்டாயம் பேசுங்கள். பேப்பர் (ஆய்வுக் கட்டுரை) டிராஃப்ட் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார், சினாப்சிஸ் (ஆய்வேட்டுக்கு முன் தரும் சுருக்கம்) கட்டத்தில் இழுத்தடிப்பாரா, வீட்டு வேலை, கல்லூரியின் நேக் (தர மதிப்பீடு) வேலை என்று ஸ்காலர்களை ஓடவிடுவாரா, இதையெல்லாம் அவர்கள்தான் சொல்வார்கள்.

விதிப்படியும் சிலதைப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 நெறிமுறைப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் கைடாக இருக்கலாம். ஓய்வுபெற மூன்று வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புது ஸ்காலரை எடுக்கக் கூடாது. "சீட் இருக்கும்மா, பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பகுதி நேரமா முழு நேரமா?

பகுதி நேரம் சட்டப்படி சரியானதுதான். தொலைநிலைக் கல்வி முறையில்தான் பிஎச்.டி. செய்ய முடியாது. பகுதி நேரத்துக்கு உங்கள் கல்லூரி என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) தர வேண்டும், படிக்க நேரம் ஒதுக்குவோம் என்று எழுதியும் தர வேண்டும். எழுதித் தருவார்கள். அதற்கப்புறம்தான் உங்களுக்கு வாரம் 18 மணி நேர வகுப்பும், அட்மிஷன் சீசனில் ஊர் ஊராகப் போய்ப் பிளஸ் டூ பிள்ளைகளைப் பிடிக்கும் வேலையும் வரும். இணைப் பேராசிரியர் பதவிக்குப் பிஎச்.டி. வேண்டும் என்பதற்காகப் பதிவு செய்துவிட்டு, ஆறு வருட வரம்பு நெருங்கும்போது பதறும் ஆட்களை நம்மூர் ஸ்டாஃப் ரூம்களில் தாராளமாகப் பார்க்கலாம். உங்கள் துறையில் பரிசோதனை வேலை அதிகம். ரியாக்டர் (கழிவுநீரைச் சுத்திகரித்துப் பார்க்கும் சோதனைத் தொட்டி) ஓடிக்கொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமையும் போய் மாதிரி எடுத்தாக வேண்டும். சனிக்கிழமை மட்டும் போய்ச் செய்கிற ஆராய்ச்சி இல்லை இது.

பணக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஐ.ஐ.டி., என்.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி. போன்ற மத்திய நிறுவனங்களில் முழு நேர ஸ்காலருக்கான உதவித்தொகை 2023 உயர்வுக்குப் பிறகு முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. இங்கே தனியார் கல்லூரிகளில் என்ன சம்பளம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் "வேலையை விட்டுட்டுப் படிக்கப் போறியா?" என்று கேட்டால், இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். குழந்தையை யார் பார்ப்பது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, அது உங்கள் வீட்டில் பேசித் தீர்க்க வேண்டியது. ஆனால் பெண்களுக்கு வழக்கமான ஆறு வருடத்துக்கு மேல் கூடுதலாக இரண்டு வருடமும், மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பும் அதே 2022 நெறிமுறையில் இருக்கிறது. வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். என்னோடு நாற்பதைத் தாண்டியவர்களும் கோர்ஸ் ஒர்க் (ஆராய்ச்சிக்கு முன் படிக்க வேண்டிய பாடங்கள்) பரீட்சை எழுதினார்கள்.

என் கருத்து கேட்டால், முழு நேரம். முடியவே முடியாது என்றால் பகுதி நேரத்தில் சேருங்கள், ஆனால் ஆய்வகம் சேலத்திலிருந்து தினமும் போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இனி ஆராய்ச்சிக் கேள்வி. பெரும்பாலான விண்ணப்பங்கள் சறுக்குவது இங்கேதான். "தொழிற்சாலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு" என்று எழுதி வருகிறார்கள். அது ஒரு துறையின் பெயர். உங்களுக்கு நம்மூரிலேயே நல்ல கேள்வி கிடைக்கும். சேலம் ஜவ்வரிசி என்றால் நாடெங்கும் தெரியும், 1981இல் தொடங்கிய ஜவ்வரிசி (சேகோ) ஆலைகளின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் இங்கேதான் இருக்கிறது. ஆத்தூர்ப் பக்கம் போனால் சேகோ ஆலைக் கழிவுநீரின் புளித்த நாற்றம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரில் மாவுச்சத்து அதிகம். காற்றில்லாத தொட்டியில் விட்டால் நுண்ணுயிர்கள் அதைச் சாப்பிட்டு மீத்தேன் தரும், அதை ஆலையே எரிபொருளாக்கிக்கொள்ளலாம். சிக்கல் என்னவென்றால் மாவுச்சத்து ரொம்ப வேகமாக அமிலமாகிவிடும். பி.எச். அளவு இறங்கியதும் மீத்தேன் உண்டாக்கும் உயிர்கள் சுணங்கிப்போகும். இதுவரை பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

இப்போது அடுத்த அடி வையுங்கள். மரவள்ளி வரத்து வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. ஆலை ஓடாத மாதங்களில் தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கின்றன. சீசன் தொடங்கி ஒரேயடியாக மாவுத்தண்ணீர் வந்தால் அவை எவ்வளவு நாளில் பழைய நிலைக்குத் திரும்பும்? படிப்படியாக ஏற்றினால் அமிலமாவதைத் தடுக்க முடியுமா? எவ்வளவு நாள் பட்டினி வரை தாங்கும்? பாருங்கள், இப்போது அளக்க ஒரு பொருள் இருக்கிறது, மாற்றிப் பார்க்க ஒரு காரணி இருக்கிறது, தோற்றுப்போகும் வாய்ப்பும் இருக்கிறது. இதை யாராவது ஏற்கெனவே செய்திருக்கலாம். தேடிப் பார்த்து, அவர்கள் விட்ட இடத்திலிருந்து உங்கள் கேள்வியை எழுதினால் இரண்டு பக்கம் போதும். இதே போல மேக்னசைட் குவாரி, வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளின் முலாம் பூசும் கழிவு என்று இந்த மாவட்டத்தில் கேள்விக்குப் பஞ்சமே இல்லை.

அந்த இரண்டு பக்கம் தயாரான பிறகு பேராசிரியருக்கு மெயில் எழுதுங்கள். "ரெஸ்பெக்டட் சார், யுவர் எஸ்டீம்டு இன்ஸ்டிட்யூஷன்" என்று தொடங்கும் மெயில்கள் எனக்கே வாரம் தவறாமல் வருகின்றன. பெயரை மட்டும் மாற்றி முப்பது பேருக்கு அனுப்பியது என்பது எழுத்தின் அளவு நடுவில் மாறுவதிலேயே தெரிந்துவிடும். அவருடைய சமீபத்திய பேப்பர் ஒன்றை உண்மையிலேயே படித்து, அதில் உங்களுக்கு எழுந்த சந்தேகத்தை மூன்று வரியில் கேளுங்கள். எம்.இ. ப்ராஜெக்டில் கைப்பட என்ன செய்தீர்கள் என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள். அடுத்த சேர்க்கையில் ஆள் எடுக்கிறாரா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

கேட் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். எம்.இ. முடித்தவர்களுக்கு அது கட்டாயமில்லாத இடங்களும் உண்டு, ஒவ்வொரு துறையின் அறிவிப்பிலும் தனியாகப் போட்டிருப்பார்கள். இருந்தாலும் கையில் ஒரு மதிப்பெண் இருந்தால் அழைப்புக் கடிதம் வரும் இடங்கள் கூடும், உதவித்தொகையும் எளிதாகும். மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியலுக்கென்றே தனித் தாள் வந்துவிட்டது, உங்களுக்கு வசதி. பொதுவாக ஆகஸ்ட் கடைசியில் பதிவு தொடங்கும், பிப்ரவரியில் தேர்வு, மார்ச்சில் முடிவு. ஜூலை சேர்க்கைக்கான பிஎச்.டி. அறிவிப்புகள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் வரும், நேர்காணல் மே வாக்கில். ஜனவரி சேர்க்கைக்கு அக்டோபர், நவம்பரில் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்திலும் வருடத்துக்கு இரண்டு சேர்க்கை உண்டு.

நேர்காணலில் ஆராய்ச்சித் தலைப்பைப் பற்றியே கேட்பார்கள் என்று நினைத்துத் தயாராகி வருகிறார்கள். கேட்பது பெரும்பாலும் பி.இ. இரண்டாம், மூன்றாம் வருடப் பாடம். ஒரு தொட்டிக்குப் பொருண்மைச் சமன்பாடு எழுது, முதல் வரிசை வினைக்குச் செறிவு நேரத்தோடு எப்படிக் குறையும் என்று வரை, பி.ஓ.டி.க்கும் (உயிரிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) சி.ஓ.டி.க்கும் (வேதிவினைக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) என்ன வித்தியாசம், எது எப்போதும் அதிகம், ஏன். சாக்பீஸைக் கையில் கொடுத்துவிடுவார்கள். வகுப்பில் பத்துத் தடவை நடத்திய பாடத்தில்கூட "ஏன்" என்று ஒரு கேள்வி வந்தால் தடுமாறும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்ததிலிருந்து யோசித்துக் காட்டுபவரைத்தான் நாங்கள் எடுக்க விரும்புவோம். வகைக்கெழுச் சமன்பாடுகளையும் அடிப்படைப் புள்ளியியலையும் ஒரு புரட்டுப் புரட்டிக்கொள்ளுங்கள்.

பேப்பர் இல்லையே என்று பயப்பட வேண்டாம். ஆய்வேடு கொடுக்கும் முன் பேப்பர் கட்டாயம் என்ற விதியையே யு.ஜி.சி. 2022இல் எடுத்துவிட்டது. பல்கலைக்கழகங்கள் தாமாக வைத்திருக்கும் விதி வேறு, அதைப் படித்துக்கொள்ளுங்கள். "இத்தனை ஆயிரம் கட்டினால் ஸ்காபஸ் பேப்பர் போட்டுத் தருகிறோம்" (ஸ்காபஸ் என்பது ஆய்விதழ்களின் தரவுத்தளம்) என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை அப்படியே அழித்துவிடுங்கள். அந்த மாதிரிப் பேப்பரை விண்ணப்பத்தில் பார்த்தால் நேர்காணலில் அதைத்தான் முதலில் தோண்டுவோம்.

வெளிநாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஒரு வார்த்தை மட்டும். அமெரிக்காவில் நான்கு வருட பி.இ. போதும், டிசம்பரில் விண்ணப்பம் முடியும், பல துறைகள் ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வைக் கேட்பதையே விட்டுவிட்டன. ஜெர்மனியில் முதுகலை முடித்திருக்க வேண்டும், பல இடங்களில் அது சம்பளத்தோடு கூடிய வேலையாகவே அறிவிக்கப்படும்.

கடைசியாகச் சான்றிதழ்கள். சேரும்போது உங்கள் கல்லூரி ஒரிஜினல்களை வாங்கி வைத்திருந்தால் இன்றைக்கே கேட்கத் தொடங்குங்கள், நேர்காணலுக்கு முந்தின நாள் கேட்டால் கிடைக்காது. நீங்கள் பி.சி. அல்லது எம்.பி.சி. என்றால் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும், அதுவும் கிரீமி லேயரில் (இட ஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவில்) வரவில்லை என்று அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள். இந்தக் கிரீமி லேயருக்கான 8 லட்சம் வருமான வரம்பில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது என்பது தெரியாமலே "நமக்கு வராது" என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அப்புறம் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஓரெழுத்து, ஆதாரில் அப்பா பெயர், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் என்று இருந்தால், விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்பில் உள்ளபடியே போடுங்கள், மற்றதை இப்போதே திருத்தக் கொடுத்துவிடுங்கள்.