காது மிஷின் மாட்டியாச்சு, அடுத்து என்ன? பழனிமலைப் பெற்றோரின் கேள்விகள்

பழனிமலைத் தொடரில் உள்ள கொடைக்கானல் மேல்மலை, கீழ்மலை ஊர்களில் இருந்து, காது கேட்பதில் குறை உள்ள குழந்தைகளின் வீட்டார் கேட்டவை இவை. இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கேட்கவும் பேசவும் பயிற்சி தருவதுதான் என் வேலை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பூம்பாறையிலிருந்து ஒரு அம்மா: மேடம், பையனுக்கு எட்டு மாசம். பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆனால் தட்டு கீழே விழுந்தால் திரும்புகிறான். "இவங்க அப்பனே நாலு வயசுலதான் பேசினான், பொறு" என்கிறார் மாமியார். பொறுக்கலாமா?

பொறுக்க வேண்டாம், அம்மா. இந்த வாரமே கிளம்புங்கள்.

தட்டு விழுகிற சத்தம் மிகப் பெரியது. பாதிக் காது கேட்கிற குழந்தைகூட அதற்குத் திரும்பும். தரை அதிர்வதை உணர்ந்தும் திரும்பும். பேச்சு வர வேண்டுமானால் "ஸ்", "ப", "த" மாதிரி மெல்லிய ஒலிகள் காதில் விழ வேண்டும். அதைத் தட்டு போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் மிஷின். நாங்கள் கடைப்பிடிக்கும் கணக்கு இதுதான். உங்கள் பையனுக்கு அது கொஞ்சம் தாண்டிவிட்டது, ஆனால் கை நழுவிப் போகவில்லை. கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் காட்டி, திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காதுக்குள் மெல்லிய ஒலி விட்டுப் பார்க்கும் ஓஏஇ என்ற சோதனை சில நிமிடங்களில் முடியும். அதில் சந்தேகம் வந்தால், ஒலி காதில் இருந்து மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட். பெராவுக்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும்.

இங்கேதான் நம் மலைக் குழந்தைகளுக்குச் சிக்கல். வத்தலக்குண்டு இறங்குகிற வரை பஸ்ஸில் நன்றாகத் தூங்கிவிட்டு, சோதனை அறையில் கண்ணை விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். முடிந்தால் முந்தின நாளே இறங்கி உறவினர் வீட்டில் தங்குங்கள். காலையில் சீக்கிரம் எழுப்பிவிட்டு, போகிற வழியில் தூங்கவிடாமல் வேடிக்கை காட்டுங்கள். அங்கே போய்ப் பால் கொடுத்துத் தூங்க வையுங்கள். தூக்க மருந்து தருவதாக இருந்தால் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். எப்படி வர வேண்டும் என்று தேதி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தாண்டிக்குடியிலிருந்து ஒரு அப்பா: ரெண்டு வயசுப் பொண்ணு. மிஷின் மாட்டினால் "கூய்" என்று விசில் அடிக்கிறது. அவளும் பிடுங்கிப் போட்டுவிடுகிறாள்.

முதலில் குல்லாவைப் பாருங்கள். குளிருக்காகக் காதை மூடிக் குல்லா போட்டால், மிஷினில் இருந்து கசிகிற சத்தம் துணியில் பட்டு மறுபடி மைக்குக்கே போகும். அதுதான் விசில். கம்பளித் துணி மைக்கில் உரசும்போது அவளுக்கு ஒரே கரகரப்பாகவும் கேட்கும். பிடுங்காமல் என்ன செய்வாள்? மெல்லிய பருத்திக் குல்லா போடுங்கள், அல்லது மைக் இருக்கும் இடத்தில் துணியை வெட்டிவிட்டு ஓரம் தைத்துவிடுங்கள்.

குல்லா இல்லாமலும் விசில் வந்தால் காதுக்குள் பொருத்துகிற அச்சு, அதாவது மோல்டு, லூசாகியிருக்கும். இந்த வயதில் காது வளர்ந்துகொண்டே இருப்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை புது மோல்டு எடுக்க வேண்டியிருக்கும். விசில் வருகிறதென்று சத்தத்தைக் குறைத்து வைப்பதுதான் பெரிய தவறு. விசில் நிற்கும், ஆனால் பேச்சும் சேர்ந்து நின்றுவிடும்.

அப்புறம் ஈரம். நம் மலையில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ராத்திரி கழற்றியதும் துடைத்து, பேட்டரியை எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மிஷினை மூடி வையுங்கள். நீல மணிகள் வெளிறி ரோஸ் நிறமானால் ஈரம் ஏறிவிட்டது, மாற்றுங்கள். அடுப்பு மேல் காய வைக்கவே வேண்டாம். ஸ்டிக்கர் ஒட்டிய பேட்டரி காற்றுப் பட்டு வேலை செய்வது. ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போட்டால் நன்றாக உழைக்கும். தீர்ந்த பேட்டரியைக் குழந்தை கைக்கு எட்டவிடாதீர்கள். விழுங்கிவிட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பண்ணைக்காடு, அம்மா: மூணு வயசுல, உள்காதுக்குள் கருவி வைக்கிற காக்ளியர் ஆபரேஷன் செய்தோம். சுவிட்ச் ஆன் செய்து மூணு மாசம் ஆச்சு. இன்னும் "அம்மா"ன்னு சொல்லலை. ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள்.

ஊர் கேட்கட்டும். உங்கள் மகளுக்கு வயது மூன்று, அவள் காதுக்கு வயது மூன்று மாதம். மூன்று மாதக் குழந்தையிடம் யாராவது "அம்மா சொல்லு" என்று எதிர்பார்ப்போமா? இப்போது பார்க்க வேண்டியது வேறு. பெயர் சொன்னால் நிமிர்கிறாளா? குக்கர் விசில் அடித்தால் அடுப்படியைப் பார்க்கிறாளா? தலையில் ஒட்டி நிற்கிற காயில் கழன்றுவிட்டால் கையில் எடுத்து உங்களிடம் தருகிறாளா? "பாபா", "ம்ம்ம்" என்று புதிதாகக் குரல் விடுகிறாளா? இதில் ஒன்றிரண்டு இருந்தாலே சரியான பாதையில்தான் போகிறாள். எதுவுமே இல்லையென்றால் அடுத்த தேதி வரை காத்திராமல் மேப்பிங் செய்த, அதாவது கருவியின் ஒலி அளவை அமைத்துக் கொடுத்த இடத்துக்கே போங்கள்.

ஆபரேஷன் ஒலியைத்தான் கொடுக்கும். பேச்சு வீட்டில்தான் வரும். வாரத்துக்கு ஒருமுறை எங்களிடம் உட்காருகிற ஒரு மணி நேரத்தில் என்ன நடந்துவிடும்? தூங்கும் நேரமும் குளிக்கும் நேரமும் தவிர மிஷின் காதிலேயே இருக்க வேண்டும். நீங்கள் கை எட்டும் தூரத்தில் இருந்து பேச வேண்டும்.

எப்படிப் பேசுவது? பூண்டு உரிக்க உட்காருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பூண்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, மிஷின் இருக்கிற பக்கமாக உட்கார்ந்து, "பூண்டு... பூண்டு எங்கே?" என்று முதலில் காதுக்குக் கொடுங்கள். அவள் தேடட்டும். அப்புறம் எடுத்துக் காட்டுங்கள். கையில் கொடுத்துவிட்டு "பூண்டு!" என்று மறுபடி சொல்லுங்கள். "தோலை உரி... உரி... உரிச்சாச்சு! ஐயோ, காரம்!" என்று ராகத்தோடு பேசுங்கள், கத்த வேண்டாம். கத்தினால் சொல் சிதைந்துதான் கேட்கும். ஒன்றைச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டு அவள் முகத்தைப் பாருங்கள். அவளுக்குக் கேட்டதை யோசிக்க நேரம் வேண்டும். நம்மால் அந்த நேரத்தைத்தான் தர முடிவதில்லை, அதற்குள் இன்னும் நாலு தடவை சொல்லிவிடுகிறோம். "அம்மா சொல்லு, அம்மா சொல்லு" என்று பரீட்சை வைப்பதை மட்டும் இன்றோடு விடுங்கள்.

தினமும் காலையில் மிஷின் மாட்டியதும் ஆறு ஒலிகளைச் சோதியுங்கள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். பேச்சின் தாழ்ந்த ஒலியில் இருந்து உயர்ந்த ஒலி வரை இந்த ஆறில் அடங்கிவிடும். வாய் தெரியாதபடி பக்கவாட்டில் இருந்து, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே இடைவெளியை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். கேட்டதும் அவள் ஒரு காரட்டைக் கூடையில் போட வேண்டும். பட்டர் பீன்ஸ் வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்வார்கள். நேற்று வரை கேட்ட "ஸ்" இன்று கேட்கவில்லையென்றால் குறை மிஷினிலா, சளியிலா என்று பார்க்க வேண்டும்.

மன்னவனூர்: போனில் பாட்டு, கார்ட்டூன் போட்டுக் காட்டினால் பேச்சு வருமா?

வராது. போன் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லாது.

கீழ்மலை: வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். பள்ளியில் இங்கிலீஷில் பேசச் சொல்கிறார்கள். பொண்ணு குழம்பிவிடுவாளா?

நீங்கள் யோசிக்காமல் கொஞ்சுகிற, திட்டுகிற மொழி எதுவோ அதில் பேசுங்கள். அது தெலுங்கு என்றால் தெலுங்கேதான். தப்பும் தவறுமாக நாலு இங்கிலீஷ் வார்த்தை பேசி நாள் முழுக்க மௌனமாக இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஒரு மொழி நன்றாக வேர் பிடித்தால் அடுத்ததும் வரும்.

ஒரு பாட்டி: காது வலின்னு அழுதா பூண்டு காய்ச்சின எண்ணெய் ஊத்தலாமா கண்ணு?

வேண்டாம் பாட்டி. எதையுமே ஊற்றக் கூடாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே போய்ச் சீழை அதிகமாக்கும். இந்தக் குளிரில் சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. அதில் வலியே இருக்காது, காது மட்டும் மந்தமாகும். டாக்டரிடம் காட்டினால் குணமாக்கக் கூடியது.

இரண்டாம் வகுப்பு ஆசிரியை: மிஷின் போட்ட பையன் மழைக்காலத்தில் எதையுமே கவனிப்பதில்லை.

உங்கள் வகுப்புக்குத் தகரக் கூரையா, டீச்சர்? மழைச் சத்தத்தை நம் மூளை ஒதுக்கிவிடும். மிஷின் எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கும். தூரம் இரண்டு மடங்கானால் உங்கள் குரல் ஆறு டெசிபல் குறையும். ஆகவே அவனை முன்வரிசையில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் உட்கார வையுங்கள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். மழை வலுத்தால் பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் தலையாட்டிவிடுவான். என்ன சொன்னேன் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள்.

ஒரு அப்பா: சைகை காட்டினால் பேச்சு வராது என்கிறார்களே?

அது சரியில்லை. சைகை பேச்சைத் தடுப்பதில்லை. மிஷினும் பலன் தராமல், சைகையும் இல்லாமல், பசி என்றுகூடச் சொல்லத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. பேச்சுக்குப் பயிற்சி கொடுங்கள், ஆனால் குழந்தையை மொழியே இல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

செலவு பற்றிப் பலர்:

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் ஆபரேஷன் உண்டு. மூளைக்காய்ச்சலால் காது போயிருந்தால் உள்காதில் எலும்பு வளர்ந்துவிடக்கூடும், அப்புறம் கருவியை உள்ளே வைப்பது கடினம், ஒரு வாரத்தையும் வீணாக்காதீர்கள். பின்னாளில் வயர், காயில், பேட்டரி ஆகியவற்றுக்கு யார் செலவு செய்வது என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு அக்கா: தம்பிக்கு நான் என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம், தங்கம். சின்னப் பிள்ளைகள் அம்மாவைவிட அக்காவிடம்தான் அதிகம் வாயைத் திறப்பார்கள். அவனோடு ஒளிந்து விளையாடு, ஒளிந்த இடத்தில் இருந்து பெயர் சொல்லிக் கூப்பிடு. கடை வைத்து விளையாடு, "ரெண்டு உருளைக்கிழங்கு, ஒரு பீட்ரூட்" என்று கேட்டு எடுத்துத் தரச் சொல். ஒரு நோட்டில் தேதி போட்டு, அவன் எந்தச் சத்தத்துக்குத் திரும்பினான், எதற்குத் திரும்பவில்லை, புதிதாக என்ன சொன்னான் என்று எழுதிக்கொண்டே வா. அடுத்த தடவை மிஷினைச் சரிபார்க்கப் போகும்போது அம்மாவிடம் அதைக் கொடுத்துவிடு. "ஷ்" கேட்கிறது, "ஸ்" கேட்கவில்லை என்று நீ எழுதியிருந்தால், எதைக் கூட்ட வேண்டும் என்று மிஷினைச் சரிசெய்கிற ஆடியாலஜிஸ்டுக்கு அதிலிருந்தே தெரிந்துவிடும்.