கடலின் கணக்கும் தொட்டியின் கணக்கும்

அன்புள்ள ஐயா,
சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் போனோம். பறக்கும் மீன் சிலவற்றைத் தவிர வழியெல்லாம் வெறும் தண்ணீர். வீட்டில் என் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியிலோ ஐந்து மீன்கள். கடல் நிஜமாகவே அவ்வளவு காலியா? இன்னும் இரண்டு சிறு மீன் விடலாமா?
சரவணன்

அன்புள்ள சரவணன்,

காலிதான். கடலில் உள்ள தண்ணீர் சுமார் 133 கோடி கன கிலோமீட்டர். உலகத்து மீன்களின் உடலில் உள்ள கார்பன் ஏறத்தாழ 70 கோடி டன் என்பது 2018இல் வெளியான மதிப்பீடு. உயிர் எடைக்கு அதைப் பத்தால் பெருக்கலாம். வகுத்தால் ஆயிரம் லிட்டருக்கு 5 மில்லிகிராம். உங்கள் தொட்டியின் பங்கு ஒரே ஒரு மில்லிகிராம்! மதிப்பீடு பத்து மடங்கு பிசகியிருந்தாலும் உங்களிடமுள்ள எந்த மீனுக்கும் காணாது. ஜப்பானில் ஒகினாவா சுராஉமி காட்சியகத்தின் பெரிய தொட்டி 7,500 கன மீட்டர். இந்தக் கணக்கில் அதற்குச் சேர வேண்டியது ஒரு மத்தி. அங்கே நீந்துவது திமிங்கலச் சுறா.

ஏன் காலி? மீன்களின் உணவு பாசியில் தொடங்குகிறது. பாசி வளரும் அளவு வெளிச்சம் இருப்பது மேலே 200 மீட்டர் வரைதான். பாசிக்கு வேண்டிய நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் செத்தவற்றோடு கீழே போய்விடுகின்றன. வங்காள விரிகுடாவில் கங்கையும் ஐராவதியும் கொட்டும் நன்னீர் மேலே மிதந்து, ஆழத்து நீரை ஏறவிடாமல் மூடிவைக்கிறது. பெரு நாட்டுக் கரையிலும், தென்மேற்குப் பருவத்தில் கேரளக் கரையிலும் அந்த நீர் ஏறுகிறது. அங்கே மீன் கூட்டம் கூட்டமாக. (கப்பல் தளத்திலிருந்து பகலில் பார்ப்பது முழுச் சாட்சியும் அல்ல. நடுக்கடலின் சிறு மீன்கள் பல, பகலில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் கிடந்து இரவில்தான் மேலே வரும்.)

உங்கள் தொட்டி பவளப்பாறையின் நகல். ஆனால் பாறைக்கு அலை நாள் முழுக்கப் புதுத் தண்ணீர் கொண்டுவரும், தொட்டிக்கு நீங்கள்தான். இரண்டு மீன் விடலாம், ஒரே நாளில் வேண்டாம். தீனியின் புரதம் அமோனியாவாகக் கழிகிறது. ஃபில்டரில் இருந்து அதைத் தின்னும் பாக்டீரியா ஐந்து மீனுக்குத் தக்கபடிதான் வளர்ந்திருக்கும். கடல்நீரின் பி.எச். 8.2 வாக்கில் இருப்பதால் அமோனியாவின் நஞ்சும் கூடுதல். ஒன்றை விட்டு, டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் (அமோனியாவைத் தின்ற பாக்டீரியா விடும் கழிவு) இரண்டு வாரம் பூஜ்யமாக நின்ற பிறகு அடுத்தது.

மின்வெட்டில் முதலில் தீர்வது ஆக்சிஜன். 28 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 6.4 மில்லிகிராம்தான் பிடிக்கும். பேட்டரி ஏர் பம்ப் போடுங்கள், தீனியை நிறுத்துங்கள். கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய வடிகட்டி) சில மணி நேரம் நின்றிருந்தால் அப்படியே ஓட்டாதீர்கள்; உள்ளே அழுகிய தண்ணீர் தொட்டிக்கு வந்துவிடும். திறந்து கொட்டி, கடல்நீரில் அலசி மாட்டுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் மிச்சமிருக்கும் பாக்டீரியாவும் போய்விடும்.