ஏலம் எடுத்த வெளிநாட்டுக்காரர் பணம் கட்டாமல் இழுத்தடிக்கிறார், என்ன செய்யலாம்?

கேள்வி: பழைய தபால்தலைத் தொகுப்பு ஒன்றை ஈபேயில் ஏலம் விட்டேன். இத்தாலியிலிருந்து ஒருவர் 140 டாலருக்கு எடுத்தார். ஆறு நாளாகியும் பணம் வரவில்லை, மெசேஜுக்கும் பதில் இல்லை. என்ன செய்வது?

ஆறு நாள்தானே, பதறாதீர்கள். நான் சிவகாசிப் பக்கம். பழைய தீப்பெட்டி லேபிள்களையும் காலண்டர் படங்களையும் ஏழெட்டு வருடமாக வெளிநாட்டுக்காரர்களுக்கு ஏலத்தில் விற்று வருகிறேன் (லேபிள் மட்டும்தான், குச்சியோடு தீப்பெட்டியை விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள்). இத்தனை வருடத்தில் பணமே கட்டாதவர்களால் எனக்கு நாலு நாள் எரிச்சலைத் தவிர ஒன்றும் போனதில்லை, ஏனென்றால் பொருள் என் பீரோவிலேயே இருந்தது. கட்டிவிட்டு, பார்சல் கிளம்பின பிறகு பணத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டவர்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லுங்கள், அதே வாரத்தில் வேறு தபால்தலைகளும் ஏலத்தில் விட்டிருந்தீர்களா? சேகரிப்பாளர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே ஆளிடம் நாலைந்து லாட்டுக்கு (ஏலத்தில் விடும் ஒவ்வொரு தொகுப்பும் ஒரு லாட்) விலை கேட்டு வைத்துவிட்டு, எல்லா ஏலமும் முடிந்ததும் ஒரே பார்சலாக, ஒரே தபால் செலவில் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருப்பார்கள். அதை நம்மிடம் சொல்லவும் மாட்டார்கள், விற்கிறவனுக்கே தெரிந்திருக்கும் என்று நினைப்பு. ஒரு ஜெர்மன்காரர் இப்படி ஒன்பது நாள் வாயே திறக்கவில்லை. நான் கடுப்பாகிக் காரசாரமாக ஒரு மெயில் எழுதி, நல்லவேளை அனுப்பாமல் வைத்திருந்தேன். மறுநாள் காலையில் அவரிடமிருந்து ஒரே வரி, "மொத்த இன்வாய்ஸ் எங்கே?" என்று. தப்பு என் பக்கம். புலி மார்க், மயில் மார்க் என்று எந்த லேபிள் கிடைத்தாலும் இன்றும் முதலில் அவருக்குத்தான் படம் பிடித்துக் காட்டுகிறேன்.

அப்படி எதுவும் இல்லையென்றால் ரத்து செய்துவிடலாம். ஈபேயில் வாங்கியவருக்கு 4 நாள் கெடு, அதற்குப் பிறகு விற்றவரே ஆர்டரை ரத்து செய்யலாம். ஆனால் காரணம் கேட்கும் இடத்தில் "வாங்கியவர் பணம் கட்டவில்லை" என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பாவம், போகட்டும் என்று "பொருள் கைவசம் இல்லை" என்று போட்டீர்களோ, கரும்புள்ளி உங்கள் கணக்கில் விழும். சரியான காரணத்தைப் போட்டால் விற்பனைக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அவர் பெயரில் ஒரு பதிவும் ஏறும். அப்படிப் பதிவு ஏறியவர்கள் நம் ஏலத்துக்குள்ளேயே வராமல் தடுக்க செட்டிங்ஸில் வழி இருக்கிறது, இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

தளத்துக்கு வெளியே நேராக வங்கிக்கு அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் நான் இப்போதெல்லாம் மறுத்துவிடுகிறேன். ஆரம்பத்தில் ஒருவரிடம் சரி என்றேன். 60 யூரோ அனுப்பினார், ஸ்விஃப்ட் (நாடு விட்டு நாடு வங்கிகள் பணம் அனுப்பும் ஏற்பாடு) வழியில் நடுவிலிருந்த வங்கி கொஞ்சம், என் வங்கி கொஞ்சம் என்று பிடித்தது போக வந்த தொகை தபால் செலவுக்கும் லேபிள் விலைக்கும் சேர்த்துப் பத்தவில்லை. அவரோ "நான் முழுசாக அனுப்பிவிட்டேன்" என்று ரசீதைக் காட்டுகிறார். இருவர் சொன்னதும் உண்மை! போதாததற்கு இது என்ன பணம், எதற்கு வந்தது என்று வங்கியில் வேறு விளக்கம் கேட்டார்கள். இணையத்தில் பணம் அனுப்பும் பேபாலில் "நண்பருக்கு அனுப்புவதாக" போட்டால் கட்டணம் மிச்சம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். இந்தியக் கணக்குக்கு அப்படித் தனிப்பட்ட பணம் வாங்க முடியாது, பொருளுக்கோ சேவைக்கோ என்றுதான் வர வேண்டும். ஈபே இப்போது பணத்தைத் தானே வாங்கி, பயோனியர் என்ற பணப் பரிமாற்ற நிறுவனம் வழியாக நமக்கு அனுப்புகிறது. கட்டணம் போகத்தான் செய்யும், போகட்டும்.

அப்புறம் போலி மெயில். ராத்திரி பதினொரு மணிக்கு ஒன்று வந்தது: "உங்களுக்கு 310 டாலர் வந்திருக்கிறது, பார்சலின் டிராக்கிங் நம்பரைக் கொடுத்ததும் விடுவிக்கப்படும்". லோகோ, எழுத்து, கீழே இருக்கும் பொடி எழுத்து வரை அச்சு அசல். என் பெயர் மட்டும் இல்லை, "அன்புள்ள வாடிக்கையாளரே" என்றிருந்தது. அனுப்பியவரின் முகவரியைத் தொட்டுப் பார்த்தால் இலவச மெயில் கணக்கு. மெயிலில் இருக்கும் லிங்கைத் தொடாமல், தனியாக ஆப்பைத் திறந்து பாருங்கள். அங்கே காட்டாத பணம் வராத பணம்.

இப்போது அந்தக் கதை. அமெரிக்காவில் ஒருவர் பழைய சாமி பட காலண்டர் ஆறு எடுத்தார், பணமும் அன்றைக்கே பேபாலில் கட்டினார். மறுநாள் ஒரு மெசேஜ், "நான் ஊரில் இல்லை, என் தங்கை வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள்". நானும் மலிவான தபாலில், நம் நாட்டு எல்லையோடு டிராக்கிங் நின்றுபோகும் வகையில், தங்கை வீட்டுக்கே அனுப்பினேன். நாலு மாதம் கழித்து பொருள் வரவில்லை என்று புகார். பேபாலில் 180 நாள் வரை புகார் கொடுக்கலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். விற்பவருக்கான பாதுகாப்பு வேண்டுமென்றால் பணம் கட்டிய பக்கத்தில் இருக்கும் முகவரிக்கே அனுப்பியிருக்க வேண்டும், போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரமும் வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை. பணமும் போச்சு, காலண்டரும் போச்சு. அவர் ஏமாற்றினாரா, பார்சல் நிஜமாகவே தொலைந்ததா என்பது இன்றுவரை தெரியாது.

அதிலிருந்து முகவரியை மாற்றச் சொன்னால் ஆர்டரை ரத்து செய்து, புது முகவரியோடு மறுபடி வாங்கச் சொல்கிறேன். வாசல் வரை டிராக்கிங் இல்லாமல் எதையும் அனுப்புவதில்லை. சுங்கப் படிவத்தில் "பரிசு, 10 டாலர்" என்று போடச் சொல்பவர்களுக்கும் முடியாது என்றுதான் பதில். தொலைந்தால் நாம் எழுதிக் கொடுத்த பத்து டாலரைத்தான் கேட்க முடியும். இன்னொன்று, 2025 ஆகஸ்ட் 29 முதல் அமெரிக்காவில் 800 டாலருக்குக் குறைந்த பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கு போய்விட்டது. அதைத் தெரியாமல் எடுத்துவிட்டு, வரி கேட்டதும் பார்சலை வாங்க மறுத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்பவர்கள் உண்டு. வரி யார் தலையில் என்பதை ஏல விவரத்திலேயே எழுதிவிடுங்கள்.

உங்கள் இத்தாலிக்காரருக்கு இன்று ராத்திரி ஒரு மெசேஜ் போடுங்கள், ஈபே வழியாகவே, இரண்டே வரியில், "வேறு லாட்டுக்காகக் காத்திருக்கிறீர்களா? நாளை மாலை வரை வைத்திருக்கிறேன்" என்று. பதில் இல்லையென்றால் ரத்து செய்துவிட்டு, அடுத்த அதிக விலை கேட்டவருக்கு, அவர் கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்ளச் சொல்லி, ஈபேயின் "இரண்டாவது வாய்ப்பு" (Second Chance Offer) அனுப்புங்கள். ஏலம் முடிந்து 60 நாள் வரை அது செல்லும். அவர் எவ்வளவு கேட்டிருந்தார் என்று நீங்கள் சொல்லவே இல்லையே?