பிரெக்ஸிட்டுக்குப் பின் பிரிட்டன் நிறுவனங்கள் ஐரோப்பிய விதிகளுக்கு எப்படி ஈடுகொடுத்தன?

பொருளை மாற்றியதைவிட, அதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதை மாற்றியதே பெரிய வேலை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் பிரிட்டனுக்குப் பொருந்துவது முடிந்த 2021 ஜனவரி 1 அன்று காலை, ஒரு பிரிட்டன் தொழிற்சாலையின் பாதுகாப்புத் தலைக்கவசம் முந்தைய நாள் இருந்த அதே தலைக்கவசம்தான். ஆனால் அதற்குச் சான்றளித்த பிரிட்டன் ஆய்வு அமைப்பின் அங்கீகாரம் ஐரோப்பிய ஒன்றியத்தில் செல்லாததாகிவிட்டது. அதனால் பல நிறுவனங்கள் தங்கள் சான்றிதழ்களை ஒன்றியத்துக்குள் இருக்கும் அமைப்புகளுக்கு முன்கூட்டியே மாற்றிக்கொண்டன. பிஎஸ்ஐ போன்ற பிரிட்டன் சான்றளிப்பு நிறுவனமே நெதர்லாந்தில் ஒரு கிளையை அமைத்து இதற்கு வழி செய்தது.

அடுத்தது லேபிள். அதுவரை பிரிட்டன் பொருளுக்கு வெறும் விநியோகஸ்தராக இருந்த ஜெர்மன் வியாபாரி சட்டப்படி இறக்குமதியாளர் ஆனார். பொருளில் அவருடைய பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். ஆவணங்கள் சரியாக உள்ளனவா என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு. சிலர் இதை ஏற்கத் தயங்கினார்கள். அந்த இடத்தில் இறக்குமதியாளர் பொறுப்பைத் தாங்களே ஏற்க, பிரிட்டன் நிறுவனங்கள் அயர்லாந்திலோ நெதர்லாந்திலோ துணை நிறுவனம் தொடங்கின.

உள்நாட்டிலோ, பொருள் ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ முத்திரைக்குப் பதிலாக யுகேசிஏ என்ற புதிய முத்திரையை அரசு கொண்டுவந்தது. அதற்கு மாறுவதற்கான கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. கடைசியில் 2023 ஆகஸ்டில், பெரும்பாலான பொருள்களுக்கு சிஇ முத்திரையைக் காலவரையின்றி ஏற்பதாக அறிவித்தார்கள். சொன்ன தேதியை நம்பி முன்கூட்டியே செலவழித்தவர்களுக்கு இது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

சிறு வியாபாரிகள் நிலைதான் கடினம். 2024 டிசம்பர் 13 முதல், ஒன்றியத்தின் புதிய பொதுப் பொருள் பாதுகாப்பு விதிப்படி, பிரிட்டனில் வீட்டில் மெழுகுவர்த்தி செய்து ஒன்றியத்துக்கு விற்பவருக்கும், அங்கே சட்டப்படி பதில் சொல்ல ஒரு பொறுப்பாளர் தேவை. கட்டணம் கட்டுப்படியாகாத பலர் அங்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள்.