மீன் தொட்டியில் இலைகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அறுபது லிட்டர் தொட்டியில் நியான் டெட்ரா மீன்கள் வளர்க்கிறேன். வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். வாதுமை (நாட்டு பாதாம்) இலை போட்டால் தண்ணீரின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; அமிலம் கூடினால் இது குறையும்) இறங்கும் என்று கேள்விப்பட்டு நான்கு இலைகள் போட்டேன். தண்ணீர் டிக்காஷன் நிறத்துக்கு வந்துவிட்டது, ஆனால் பி.எச். 8-ஐ விட்டு இறங்கவில்லை. நான் போட்ட இலை சரியில்லையா?
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: இலையில் குறையில்லை, உங்கள் தண்ணீர்தான் அதற்கு இடங்கொடுக்கவில்லை. வாதுமை இலையிலிருந்து கசிகிற டானின்களும் (துவர்ப்புப் பொருள்கள்), இலை மட்கும்போது உண்டாகும் ஹியூமிக் பொருள்களும் வலுக்குறைந்த அமிலங்கள். நம் வேலூர்ப் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீரில் பாறைகளிலிருந்து கரைந்து வந்த பைகார்பனேட் உப்புகள் மிகுதியாக இருப்பதால், இலை விடுகிற அமிலத்தை அவை உடனுக்குடன் ஈடுகட்டிவிடுகின்றன. நிறம் மாறுகிறதே தவிர பி.எச். அசைவதில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு கெட்டியாகப் பிடிக்கும் வீடுகளில் இலையைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. மட்கும் இலை அதிகமாக அதிகமாக, தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைப் பாக்டீரியாக்கள் எடுத்துக்கொள்ள, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும்.

ஆகவே மாற்ற வேண்டியது தண்ணீரை. நியான் டெட்ராவின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் மேற்பகுதி. உப்புச்சத்து மிகக் குறைந்த, இலைதழைகள் ஊறிய ஓடைகளில் வாழ்ந்து பழகிய மீன் அது. வடகிழக்குப் பருவமழையின்போது, முதல் மழையைக் கழுவிவிட்டு, சுத்தமான மொட்டைமாடியிலிருந்து பிடித்த மழைநீரையோ வீட்டு ஆர்.ஓ. நீரையோ போர் தண்ணீருடன் பாதிக்குப் பாதி கலந்து, வாரந்தோறும் தொட்டியின் ஐந்தில் ஒரு பங்கை மாற்றி வாருங்கள். கார்பனேட் கடினத்தன்மை (மேலே சொன்ன பைகார்பனேட் உப்புகளின் அளவு) குறையத் தொடங்கிய பிறகுதான் இலையின் வேலை பி.எச். அளவில் தெரியும். அவசரம் வேண்டாம், கார்பனேட் அறவே இல்லாத தண்ணீரில் பி.எச். திடீரென்று சரியும், அது 6-க்குக் கீழே போனால் ஃபில்டரில் அம்மோனியாவை மாற்றித் தரும் பாக்டீரியாக்களும் மந்தமாகிவிடும். அழகுக்காகக் கடற்சிப்பியோ பவழத்துண்டோ தொட்டியில் கிடந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். அவை கரையக் கரைய, நீங்கள் குறைத்த கடினத்தன்மை மறுபடியும் ஏறும். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் பட்டறைகளை ஒட்டிய சில ஊர்களில் நிலத்தடி நீரே உப்பேறிக் கிடக்கிறது. அந்த உப்பை எந்த இலையாலும் நீக்க முடியாது.

அதற்காக இலையை ஒதுக்கிவிடாதீர்கள். பி.எச். அளவைவிட, இலை தொட்டிக்குள் உண்டாக்கும் வாழ்விடம்தான் பெரிது என்பது என் உறுதியான எண்ணம். போட்ட சில நாட்களில் இலைமேல் வெண்மையான, வழவழப்பான படலம் படியும். பலர் அதைப் பூஞ்சை என்று பயந்து தேய்த்துக் கழுவிவிடுகிறார்கள். அது நுண்ணுயிர்ப் படலம். இறாலுக்கும் நத்தைக்கும் மீன்குஞ்சுக்கும் அது உணவு. செர்ரி இறால்கள் இலையின் மென்பகுதியைச் சுரண்டித் தின்று முடிக்கையில், நடுநரம்பும் கிளைநரம்புகளும் மட்டும் வலைபோல் எஞ்சுவதைப் பார்க்கலாம். ஃபைட்டர் ஆண் மீன் மிதக்கும் இலையின் அடியில் நுரைக்கூடு கட்டும். தென்கிழக்காசியாவில் அந்த மீனை வளர்ப்பவர்கள் வாதுமை இலையை நெடுங்காலமாகவே பயன்படுத்தி வருகிறார்கள். நிறமேறிய நீர் வெளிச்சத்தை அடக்குவதால் கூச்சமுள்ள மீன்களும் மறைவிலிருந்து வெளியே வரும். நிறம் பிடிக்காதவர்கள் ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் வைத்தால் போதும், தண்ணீர் தெளிந்துவிடும்.

கேள்வி: வாதுமை மரம் எங்கள் தெருவில் இல்லை. வீட்டைச் சுற்றிக் கிடைக்கும் வேறு இலைகளைப் போடலாமா? வேப்பிலை கிருமிநாசினி என்பதால் மீனுக்கு நல்லதுதானே?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: வேப்பிலை வேண்டவே வேண்டாம். வேம்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சிகளை ஒடுக்கும் பொருள். இறால் போன்ற உயிர்களும் அதைத் தாங்க மாட்டா. அரளி, எருக்கு, தைலமரம் ஆகியவற்றின் இலைகளும், மீனை மயக்கிப் பிடிக்கப் பயன்பட்டு வந்த புங்கத்தின் எந்தப் பகுதியும் தொட்டிக்கு ஆகாது.

கொய்யா, பலா, தேக்கு இலைகளையும், செடியிலேயே காய்ந்த வாழைச் சருகையும், காய்ந்த சவுக்குக் காய்களையும் தயங்காமல் பயன்படுத்தலாம். நார் நீக்கிக் கொதிக்கவைத்த கொட்டாங்கச்சி, சிறு மீன்களுக்கு நல்ல பதுங்கிடம். கடுக்காய் மட்டும் வேண்டாம். அதுவும் வாதுமையின் இனத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் ஆவாரம்பட்டையோடு சேர்த்துத் தோல் பதனிடவே பயன்படும் அளவுக்கு அதில் டானின் செறிந்திருக்கிறது. சிறு தொட்டியில் அதன் அளவைக் கட்டுப்படுத்துவது கடினம்.

எந்த மரமானாலும் பழுத்துத் தானே உதிர்ந்து, பழுப்பாகக் காய்ந்த இலையையே எடுங்கள். உதிர்க்கும் முன்பே மரம் இலையிலுள்ள சத்துகளில் பெரும்பகுதியைத் திரும்ப இழுத்துக்கொள்வதால் அது மெல்ல மட்கும்; பறித்த பச்சை இலையோ சாறும் சர்க்கரையும் கசிந்து ஓரிரு நாளில் தண்ணீரைக் கெடுத்துவிடும். உங்கள் வட்டாரத்து மாந்தோப்புகளில் மருந்து தெளித்திருப்பார்கள். தோப்பைச் சுற்றியுள்ள மரங்களின் இலையையும், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரப் புழுதியும் புகையும் படிந்த இலையையும் தவிர்த்துவிடுங்கள். கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறிய பின் போட்டால் இலை விரைவில் அடியில் அமரும். முப்பது நாற்பது லிட்டருக்கு உள்ளங்கையளவில் ஓர் இலை என்று தொடங்கி, ஒரு வாரம் மீன்களைக் கவனித்த பிறகே அடுத்ததைச் சேருங்கள்.

கேள்வி: கப்பியும் மோலியும் மட்டுமே வைத்திருக்கிறேன். எனக்கும் இலை தேவையா?
– ஒரு வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: தேவையில்லை. இரண்டும் கடின நீரை விரும்பும் மீன்கள். உங்கள் ஊர்த் தண்ணீர் அவற்றுக்கு இயல்பாகவே ஒத்துப்போகும். குஞ்சுகள் ஒளிந்துகொள்ள ஓர் இலை கிடந்தால் கெடுதலும் இல்லை. ஆனால் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற மே மாதத்தில் அதையும் எடுத்துவிடுங்கள். சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. அந்த நாட்களில் ஏர் பம்ப் இரவிலும் ஓட வேண்டும். மின்தடை அடிக்கடி வரும் தெருவாக இருந்தால் பேட்டரியில் ஓடும் சிறிய பம்ப் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.