மீல் மேக்கர் சாப்பிட்டால் ஆண் ஹார்மோன் குறையுமா?

தினமும் மீல் மேக்கர் சாப்பிட்டால் டெஸ்டோஸ்டிரோன் குறைந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையாது, தைரியமாகச் சாப்பிடுங்கள்.

மீல் மேக்கர் என்பது சோயா உருண்டைதான். சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன்கள் என்ற தாவரச் சேர்மங்கள், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை ஒத்த வடிவம் கொண்டவை. பயம் முளைத்த இடம் இதுதான். ஆனால் அவற்றின் வலிமை மிகக் குறைவு. ஆண்களிடம் நடந்த 41 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான அலசல், டெஸ்டோஸ்டிரோனிலோ ஈஸ்ட்ரோஜனிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை.

60 வயதுக்காரர் ஒருவருக்கு மார்பு வீங்கியதாக 2008இல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது உண்மைதான். அவர் குடித்தது நாளுக்கு ஏறக்குறைய 3 லிட்டர் சோயா பால்! நிறுத்தியதும் ஹார்மோன் அளவு சீரானது. குருமாவில் போடும் ஒரு கைப்பிடியை அதோடு ஒப்பிடுவது நியாயமே இல்லை.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் மாத்திரைக்கும் சோயாவுக்கும் சில மணி நேரம் இடைவெளி விடுங்கள்.