ட்ரைபாடை அறையிலேயே விட்டுப் போகாமலிருக்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மிரர்லெஸ் கேமராவும் 24-105 லென்ஸும் வைத்திருக்கிறேன், இரண்டும் சேர்ந்து ஒன்றேகால் கிலோ வரும். கையில் இருக்கும் ட்ரைபாட் மட்டும் இரண்டரை கிலோ. பயணத்தில் முதல் நாள் ஆசையாகத் தூக்கிக்கொண்டு போகிறேன், அடுத்த நாளிலிருந்து அது அறையிலேயே கிடக்கிறது. சின்னதாக, எடை குறைந்ததாக ஒன்று வாங்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் எண்களைப் பார்த்தால் எல்லாமே நல்லதுபோலத்தான் தெரிகிறது. எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களை முதலில் ஒதுக்கிவிடுங்கள். ஒன்று, எத்தனை கிலோ தாங்கும் என்பது. இதை அளக்க எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான சோதனை முறை எதுவும் கிடையாது, அவரவர் தமக்குத் தெரிந்த வழியில் சோதித்துப் போட்டுக்கொள்கிறார்கள். 8 கிலோ என்று போட்டிருந்தால் அவ்வளவு எடைக்கு அது சரிந்து விழாது என்று எடுத்துக்கொள்ளலாம், ஆடாமல் நிற்கும் என்று அர்த்தமில்லை. உங்கள் கேமரா எடையைப்போல மூன்று மடங்காவது போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மேலே போங்கள். இன்னொன்று அதிகபட்ச உயரம். அது நடுத்தண்டை முழுக்க மேலே இழுத்துவிட்டு எடுத்த அளவு. மூன்று கால்களுக்கு நடுவிலிருந்து ஒற்றைக் கம்பு ஒன்று நீட்டிக்கொண்டு நிற்க, அதன் உச்சியில் கேமரா உட்கார்ந்திருக்கிறது என்றால், லேசான காற்றுக்கே ஆடத்தான் செய்யும்.

நான் பார்ப்பது வேறு மூன்று எண்கள்: நடுத்தண்டை ஏற்றாமல் எவ்வளவு உயரம், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் கால் குழாய்களில் கடைசி அடுக்கு எவ்வளவு தடிமன், ஹெட்டையும் (கால்களுக்கு மேலே கேமராவைப் பிடித்துத் திருப்பும் பகுதி) சேர்த்து மொத்த எடை எவ்வளவு. கடைசியாகச் சொன்னதில் பலர் ஏமாந்துவிடுகிறார்கள், சில நிறுவனங்கள் கால்களின் எடையை மட்டும் போடுவார்கள், ஹெட் 300, 400 கிராம் தனியாக வந்து சேரும்.

உயரத்தைப் பொறுத்தவரை கண் மட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டாலே பாதி எடை குறைந்துவிடும். 170 செ.மீ. உயரமுள்ளவரின் கண் ஏறக்குறைய 158 செ.மீ.யில் இருக்கும். கால்களுக்கு மேல் ஹெட் ஒரு 10 செ.மீ., அதற்கு மேல் கேமராவின் வியூஃபைண்டர் 7, 8 செ.மீ. என்று போனால், நடுத்தண்டு இல்லாமல் 140 செ.மீ. இருந்தாலே நிமிர்ந்து நின்று பார்க்கலாம். சாய்க்கக்கூடிய திரை இருக்கிற கேமரா என்றால் 120 செ.மீ. தாராளமாகப் போதும். நல்ல நிலக்காட்சிப் படங்கள் பல இடுப்பு உயரத்துக்கும் கீழேயிருந்து எடுக்கப்படுபவைதான்.

அப்புறம் குழாய்த் தடிமன், இதைத்தான் யாருமே கேட்பதில்லை. 25 மி.மீ.யில் தொடங்கும் கால் என்று வைத்துக்கொள்ளுங்கள், அடுக்குக்கு ஏறக்குறைய 3 மி.மீ. குறைந்துகொண்டே வரும், ஆக நான்கு அடுக்கு என்றால் 25, 22, 19, 16. ஐந்து அடுக்கு என்றால் அடியில் 13. மெல்லிய சுவருள்ள குழாயின் விறைப்பு அதன் விட்டத்தை மூன்று முறை பெருக்கினால் வரும் அளவைப் பொறுத்து மாறும் என்பதால் 16க்கும் 13க்கும் நடுவில் வெறும் 3 மி.மீ. வித்தியாசம் என்று நினைக்காதீர்கள், விறைப்பு ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. ஐந்து அடுக்கு வாங்கினால் மடித்தபின் சில செ.மீ. குறையும், உண்மைதான், ஆனால் அந்தக் கடைசி அடுக்கை நீங்கள் இழுக்காமலே வைத்திருக்கப் பழகிவிடுவீர்கள். உங்கள் கேமராவுக்கு நான்கு அடுக்கு, கால்களை 180 பாகை மேலே திருப்பி ஹெட்டைச் சுற்றி மடிக்கிற வகை, மொத்தம் 1.2 முதல் 1.6 கிலோவுக்குள், மடித்தால் 40 செ.மீ. அளவில் என்று தேடுங்கள். ஒரு கிலோவுக்கும் கீழே போனால் உயரத்தையோ விறைப்பையோ விட்டுக்கொடுத்துத்தான் போகிறீர்கள்.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்துபாருங்கள். கால்களை முழுதாக இழுத்துப் பூட்டி, கேமராவைப் பொருத்தி, நீளமான ஜூமில் வைத்து, திரையில் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு ஒரு காலை விரலால் தட்டுங்கள். படம் எவ்வளவு நேரம் நடுங்குகிறது என்று கவனித்தால் எந்த விளம்பரமும் சொல்லாததை அது சொல்லிவிடும்.

கேள்வி: அலுமினியத்துக்குப் பதில் கார்பன் ஃபைபர் கால்களுள்ள ட்ரைபாடுக்கு இவ்வளவு கூடுதலாகக் கொடுப்பது தகுமா?

பதில்: தினமும் பல மணி நேரம் நடப்பவர் என்றால் தகும். பீக் டிசைன் நிறுவனம் 2019இல் கொண்டுவந்த பயண ட்ரைபாட் ஒரே வடிவத்தில் இரண்டு பொருள்களிலும் கிடைக்கிறது: கார்பன் 1.27 கிலோ, அலுமினியம் 1.56 கிலோ. ஆக வித்தியாசம் 300 கிராமுக்குள்தான், ஒரு சின்ன லென்ஸின் எடை. கார்பனில் அதிர்வு சீக்கிரம் அடங்குகிறது, குளிரில் தொட்டால் உலோகம்போலக் கையைக் கடிப்பதில்லை. அலுமினியம் அடிபட்டால் நசுங்கும், கார்பன் பலமாக அடிபட்டால் விரிசல் விடும். உங்கள் கையிருப்புக்குள் மெல்லிய கார்பன், தடித்த அலுமினியம் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால், தயங்காமல் தடித்த அலுமினியத்தை எடுங்கள்.

கேள்வி: ட்ரைபாடில் வைத்து எடுத்தும் அருவிப் படம் தெளிவில்லாமல் வருகிறது. பாறைகூட மங்கலாகத்தான் இருக்கிறது. ட்ரைபாட் மட்டமானதா?

பதில்: இருக்கலாம், ஆனால் அதைத் தூக்கிப்போடும் முன் சிலவற்றைச் சரிபாருங்கள், ஏனென்றால் எடை குறைந்த ட்ரைபாடுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனிப்பு வேண்டும்.

விரலால் ஷட்டரை அழுத்துகிறீர்களா? இரண்டு நொடி டைமர் வையுங்கள், ட்ரைபாட் இன்னும் நடுங்கினால் ஐந்து அல்லது பத்து நொடி. அருவிக்கு நாம் வைக்கிற 1/8, 1/2 நொடி போன்ற வேகங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. இரவு வானத்துக்கு 20 நொடி திறந்து வைக்கும்போது முதல் அரை நொடி நடுக்கம் படத்தில் பெரிதாகப் பதியாது. 1/8 நொடியில் படம் முழுவதுமே அந்த நடுக்கத்துக்குள் முடிந்துவிடும். இதனால்தான் அதே ட்ரைபாடில் நட்சத்திரங்கள் நன்றாக வந்து அருவி சொதப்புகிறது.

லென்ஸிலோ கேமராவிலோ இருக்கும், கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷனை அணைத்தீர்களா? இல்லாத ஆட்டத்தைச் சரிசெய்யப் போய் அதுவே ஆட்டத்தை உண்டாக்குவது உண்டு. சில புதிய கேமராக்கள் ட்ரைபாடில் இருப்பதைத் தாமே கண்டுகொள்ளும், உங்கள் கேமராவின் கையேடு என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

கழுத்துப்பட்டை காற்றில் ஆடுகிறதா? கழற்றிவிடுங்கள். கால்களை நீட்டும்போது மேலே இருக்கும் தடித்த அடுக்கை முதலில் இழுங்கள், அடியில் இருக்கும் மெல்லியதைக் கடைசியில், தேவைப்பட்டால் மட்டும். சரிவான இடத்தில் இரண்டு கால்கள் பள்ளத்துப் பக்கம், ஒன்று மேட்டுப் பக்கம். தட்டையான இடத்தில் லென்ஸ் நீட்டியிருக்கும் திசையில் ஒரு கால் இருக்கட்டும். மரப்பலகைப் பாதையிலோ பாலத்திலோ நின்று எடுத்தால் பக்கத்தில் நடப்பவர் கடந்துபோகும்வரை காத்திருங்கள், தரை ஆடும்போது எந்த ட்ரைபாடும் காப்பாற்றாது.

நடுத்தண்டின் கொக்கியில் பையைத் தொங்கவிடச் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் பை அந்தரத்தில் ஊசலாடினால் ஆட்டத்தைக் கூட்டுகிறது. பையின் அடி தரையைத் தொடுகிற அளவுக்குக் கட்டுங்கள்.

கேள்வி: கடற்கரையில் பயன்படுத்த, கால் அடுக்குகளைத் திருகி இறுக்கும் ட்விஸ்ட் லாக் நல்லதா, நெம்பி மூடும் ஃபிளிப் லாக் நல்லதா?

பதில்: ட்விஸ்ட் லாக் மடித்தால் ஒல்லியாக இருக்கும், பையில் எதிலும் மாட்டாது, பெரும்பாலும் பிரித்துக் கழுவவும் எளிது. மணல் புகுந்தால் கரகரவென்று திருகும்போதே தெரியும். ஃபிளிப் லாக் பூட்டியிருக்கிறதா இல்லையா என்பது பார்த்ததுமே தெரிந்துவிடும். ஒருமுறை விடியற்காலை இருட்டில் ட்விஸ்ட் லாக் ஒன்றைச் சரியாக இறுக்காமல் விட்டுவிட்டேன், அலை வந்து போனதும் ஒரு கால் மெல்ல உள்ளே இறங்கி கேமராவோடு ஈர மணலில் சாய்ந்தது. அன்றிலிருந்து பூட்டிய பிறகு மேலிருந்து ஒரு தடவை அழுத்திப் பார்க்காமல் கேமராவை மாட்டுவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். எந்த லாக்காக இருந்தாலும் கடல்நீரில் நின்ற ட்ரைபாடை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசி, கால்களை நீட்டியபடியே காயவைக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தால் உப்பு உள்ளேயே தங்கிவிடும்.

கேள்வி: ஹெட் எது வாங்கலாம்?

பதில்: பயணத்துக்குப் பால் ஹெட், அதாவது உருண்டை மூட்டுள்ள ஹெட். ஒரே திருகில் எல்லாப் பக்கமும் திரும்பும், எடையும் குறைவு. கேமராவின் அடியில் திருகி ஹெட்டில் மாட்டும் ப்ளேட் மட்டும் ஆர்க்கா ஸ்விஸ் என்ற வகையாக இருக்கட்டும். பல நிறுவனங்கள் அதே வடிவில் செய்வதால் ஒன்று தொலைந்தாலும் வேறொன்று கிடைக்கும். இறுக்கிவிட்டுக் கையை எடுத்ததும் கேமரா லேசாகக் கீழே தொங்குகிறதா என்று பாருங்கள், தொங்கினால் அந்த ஹெட் வேண்டாம்.

கேள்வி: விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகலாமா?

பதில்: பெரும்பாலும் விடுகிறார்கள், ஆனால் கடைசி முடிவு பரிசோதிக்கும் அதிகாரியுடையது. அடியில் இரும்பு முள் இருந்தால் கழற்றிப் பதிவுசெய்யும் பெட்டியில் போட்டுவிடுங்கள். பல விமான நிறுவனங்களின் கைப்பை நீளம் 55 செ.மீ., 40 செ.மீ.க்கு மடிகிற ட்ரைபாட் அதற்குள் படுத்துவிடும். போய்ச்சேரும் இடத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள், அருங்காட்சியகங்களிலும் பழைய நினைவுச்சின்னங்களிலும் பல இடங்களில் ட்ரைபாடுக்கு அனுமதி இல்லை. அங்கே சாண் உயர மேசை ட்ரைபாடுக்குக்கூட முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: நான் செல்போனில் மட்டும்தான் எடுக்கிறேன். எனக்கும் இதெல்லாம் வேண்டுமா?

பதில்: வேண்டாம். போன் 200 கிராம் சுமார்தான் இருக்கும். 20 செ.மீ. உயரத்தில் ஒரு குட்டி ட்ரைபாட், போனை இறுக்கிப் பிடிக்கும் ஒரு கிளாம்ப், அவ்வளவுதான். உயரம் வேண்டுமென்றால் சுவர் மேலோ பாறை மேலோ வைத்துக்கொள்ளலாம். கிளாம்பின் அடியில் கால் அங்குலத் திருகு பொருந்தும் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், நாளைக்குக் கேமரா ட்ரைபாட் வாங்கினாலும் அதே கிளாம்ப் அதில் ஏறும்.